அழைப்பு போனது, இடம் போகவில்லை: ஏற்காட்டு மிளகுத் தோட்டத்தில் ஓர் அவசரச் செயலி

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். பிப்ரவரி மாதம், மிளகு பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரம். பிற்பகல் மூன்றரை மணி வாக்கில், ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் பறித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், ஏணி நழுவி இருபதடிக்கு மேல் உயரத்திலிருந்து கீழே விழுந்தார். இடுப்பில் பலத்த அடி. நினைவு இருந்தது, காலை அசைக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த மேஸ்திரியின் கையில் நல்ல ஆண்ட்ராய்டு கைபேசி இருந்தது. அதில் அவசர உதவிக்கான செயலியும் இருந்தது. முந்தைய மழைக்காலத்தில் நடந்த ஒரு பாதுகாப்புக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து ஏற்றிக்கொண்டது அது.

கடைசியில் ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் அந்தச் செயலியால் வரவில்லை. களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் மேட்டுக்கு ஏறிப்போய், பட்டன் போனில் 108ஐ அழைத்ததால் வந்தது. செயலி அனுப்பிய அவசரச் செய்தி மலைக்குக் கீழே, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தெருவைக் காட்டிக்கொண்டிருந்தது.

சேலத்தில் கைபேசிச் செயலிகளைச் சோதித்துக் கொடுப்பது என் பிழைப்பு. தோட்டத்துக்காரர் பழைய நண்பர். "ஆப் இருந்தும் ஏன் இப்படி ஆச்சு, கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா" என்று கேட்டார். மேஸ்திரியின் கைபேசியையும், அழைப்புப் பதிவுகளையும், விழுந்த இடத்தையும் பார்த்து எழுதியது இது. செயலியின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அன்று நடந்தவற்றில் பெரும்பகுதி எந்த அவசரச் செயலிக்கும் நடந்திருக்கக்கூடியது.

அன்றைய ஒரு மணி நேரம்

மேஸ்திரி செயலியைத் திறந்தார். சிவப்புப் பொத்தான் வரவில்லை. கைபேசி எண்ணைக் கேட்டது. கொடுத்தார். ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அவர் நின்ற இடம் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடைக்கரை. ஒரு சிம்மில் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது, இன்னொன்றில் சுத்தமாக இல்லை. ஓடிபி வரவில்லை. காத்திருந்தார், மறுபடி அனுப்பச் சொன்னார், காத்திருந்தார். இதற்குள் ஐந்தாறு நிமிடம் போய்விட்டது. விழுந்தவர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாராம். கொடுக்கலாமா கூடாதா என்று அங்கே ஒரு தனி வாக்குவாதம்.

பொறுமையிழந்து ஜீப் தடம் வரை ஓடினார். அங்கே ஓடிபி இரண்டும் சேர்ந்து வந்து விழுந்தன. எதைப் போடுவது என்று குழம்பி முதலில் வந்ததைப் போட, தவறு என்றது. இரண்டாவது வேலை செய்தது. அடுத்து, இருப்பிடத்தை அறிய அனுமதி உண்டா என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி. ஏதோ ஒன்றைத் தொட்டார். ஒருவழியாகச் சிவப்புப் பொத்தான் வந்தது. அழுத்தினார். "அனுப்பப்படுகிறது" என்று சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்ததால், கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்ப ஓடினார்.

இதே நேரத்தில் அந்தப் பெண் யாரிடமும் எதுவும் சொல்லாமல் மேட்டில் ஒரு பாறைக்கு ஏறியிருந்தார். அங்கேதான் டவர் கிடைக்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலமானால் மகன், மகளோடு பேச அங்கே வரிசையே நிற்கும். நான்கு மணிக்குச் சற்று முன்பு 108 எடுத்தது. மாவட்டம், தாலுக்கா, ஊர், பக்கத்தில் அடையாளம் எல்லாம் கேட்டார்கள். அவர் சொன்னது இது: "நாகலூர் ரோட்டுலிங்க, மாரியம்மன் கோயில் தாண்டி பச்சை கேட்டுங்க, கேட்டுக்கு ஆள் வந்து நிப்போம்." ஆளும் அனுப்பினார். விழுந்தவரை ஒரு பலகையில் கிடத்தி, ஆடாமல் பிடித்து, ஜீப்பில் மெல்ல இறக்கிக் கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் வண்டி வந்துவிட்டது. மலையில் அது நல்ல நேரம்தான். முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனை, பிறகு கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் இறங்கி சேலம் ஜிஹெச். இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இப்போது அவர் நடக்கிறார். ஏணி ஏறுவதில்லை, களத்தில் எடை போடுகிற வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

மேஸ்திரியின் பையிலிருந்த செய்தி எப்போது போனது? நாலரை மணிக்கு, ஜீப் மேட்டுக்கு வந்தபோது. போன வேகத்தில் அதற்கான நடவடிக்கையும் தொடங்கியது. பதிவு செய்த எண்ணுக்குத் திருப்பி அழைத்தார்கள். அது மலையில் சில இடங்களில் மட்டும் சிக்னல் கிடைக்கும் சிம்மின் எண், அப்போது கிடைக்கவில்லை. அடுத்ததாக, அவசரத் தொடர்பு என்று குறித்திருந்த மனைவிக்கு அழைப்பு போனது. அவர் கன்னங்குறிச்சியில் இருக்கிறார். "உங்க வீட்டுக்காரர் ஆபத்துல இருக்கார்னு மெசேஜ் வந்திருக்குங்க, எங்க இருக்கார்?" என்று கேட்டால் ஒருவருக்கு எப்படி இருக்கும்? புருஷனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் துடித்திருக்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ரோந்து வண்டி மளிகை மண்டித் தெருவில் போய் விசாரித்துவிட்டுத் திரும்பியது.

ஆறு மாதம் திறக்காத செயலி

முதலில் ஓடிபி. அவசரச் செயலி ஒன்று அவசரத்தில் ஏன் மறுபடி பதிவு கேட்கிறது? மேஸ்திரி கூட்டம் முடிந்த நாளிலிருந்து அதைத் திறக்கவே இல்லை. இடையில் செயலி ஒருமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, பழைய உள்நுழைவு செல்லாமல் போயிருக்கிறது. வங்கிச் செயலிக்கு இது நல்ல பழக்கம். ஆபத்துக்கு உதவும் செயலிக்கு இது கூடாது. ஆளைச் சரிபார்ப்பது பொய் அழைப்பைத் தடுக்கத்தான் என்றால், உதவி புறப்பட்ட பிறகு சரிபார்க்கலாம். 108க்கு அழைப்பவரிடம் யாரும் முதலில் ஓடிபி கேட்பதில்லை.

இருப்பிட அனுமதியும் அப்படித்தான் போனது. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11இலிருந்து, சில மாதங்கள் பயன்படுத்தாத செயலியின் அனுமதிகளைக் கைபேசியே திரும்ப எடுத்துக்கொள்ளும். பின்னர் பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் இந்த வசதி வந்தது. ஆண்ட்ராய்டு 12 ஒருபடி மேலே போய், அப்படிப்பட்ட செயலிகளை உறக்கத்தில் வைக்கிறது. பின்னணியில் ஓட விடாது, அறிவிப்பு வர விடாது. உளவு பார்க்கும் செயலிகளிடமிருந்து நம்மைக் காக்க இது நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் தொடாமல் கிடப்பதுதான் அவசரச் செயலியின் இயல்பே. நல்லபடியாக வாழ்கிற மனிதன் அதைத் திறக்க மாட்டான். அவன் திறக்காததாலேயே கைபேசி அதன் கண்ணைக் கட்டிவிடுகிறது.

இதற்கு விலக்கு கேட்க வழி உண்டு. பயன்படுத்தாவிட்டாலும் அனுமதியை எடுக்காதே என்று பயனர் கைபேசியின் அமைப்பில் (செட்டிங்ஸ்) ஒரு சுவிட்சை மாற்றிவைக்கலாம், செயலியே அந்தப் பக்கத்துக்கு அழைத்துப் போகவும் செய்யலாம். மேஸ்திரியின் கைபேசியில் அதை யாரும் மாற்றியிருக்கவில்லை. கூட்டத்தில் "எல்லாரும் ஏத்திட்டீங்களா?" என்று கேட்டார்கள், கை தூக்கினார்கள், டீ கொடுத்தார்கள், முடிந்தது. எத்தனை பேர் ஏற்றினார்கள் என்பதுதான் கணக்கில் வரும். எத்தனை கைபேசிகளில் அது விழித்திருக்கிறது என்று கணக்கெடுக்க ஆளில்லை.

சில நிறுவனக் கைபேசிகள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணிச் செயலிகளைத் தாமாகவே கொன்றுவிடும் வழக்கமும் உண்டு. "அனுப்பப்படுகிறது" என்று சுற்றிய செய்தி, கைபேசி பையில் இருந்தபடியே நாலரைக்குப் போனதுகூட ஓரளவு அதிர்ஷ்டம்தான்.

செவ்வாய்ப்பேட்டை எங்கிருந்து வந்தது

அன்று காலை மேஸ்திரி மிளகு மூட்டையோடு செவ்வாய்ப்பேட்டை வியாபாரியிடம் போயிருந்தார். புதுக் கடை, தெரு தெரியாமல் வரைபடத்தைத் திறந்திருக்கிறார். அதுதான் கைபேசி கடைசியாகத் துல்லியமாக அறிந்த இடம்.

பொத்தானை அழுத்தியதும் செயலி புதிதாக இருப்பிடம் கேட்கும். குறிப்பிட்ட நொடிக்குள் வராவிட்டால், கைபேசி நினைவில் வைத்திருக்கும் பழைய இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்று எழுதியவர் நினைத்திருப்பார். தவறில்லை. ஆனால் அந்த இடம் எத்தனை மணிக்கு எடுத்தது என்பதைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை, அல்லது எதிர்முனைத் திரையில் அது காட்டப்படவில்லை. அங்கே பார்த்தவருக்குத் தெரிந்தது வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அது காலை பத்து மணியின் புள்ளி என்று அவர் எப்படி அறிவார்?

புது இடம் ஏன் கிடைக்கவில்லை? ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் இணையம் இருந்தால், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலை டவர் வழியாக நொடிகளில் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். திறந்த வானத்தின் கீழே அதற்குச் சுமார் 30 நொடி பிடிக்கும். நடுவில் சிக்னல் அறுந்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். நெடுநெடுவென்று வளர்ந்த சில்வர் ஓக், அதன் கீழே காப்பிச் செடி, இரண்டு பக்கமும் மேடு. மேலே பார்த்தால் வானம் ஒரு கீற்று. அதே ஓடைக்கரையில் கைபேசியின் டேட்டாவை நிறுத்திவிட்டு, எதையும் அனுப்பாமல் செயலியின் 'என் இருப்பிடம்' திரையை மட்டும் திறந்து பார்த்தேன். புள்ளி முதலில் ஏற்காடு ஏரிப் பக்கம் நின்றது, பிறகு சுற்றளவு பெரிதான ஒரு நீல வட்டமாக விரிந்தது, பல நிமிடம் கழித்துத்தான் தோட்டத்துக்குள் வந்தது.

புள்ளி சரியாக வந்தாலும் மலையில் அதோடு காரியம் முடிவதில்லை. ஏற்காட்டு மலைப்பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொண்டை ஊசி வளைவின் மேல் கையும் கீழ்க் கையும் வரைபடத்தில் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். நடுவில் செங்குத்துச் சரிவு. திறந்த வெளியில் கைபேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் தரும், மலைச்சரிவில் அது இன்னும் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் வண்டி மேல் சாலையில் வந்து நிற்கும், அடிபட்டவர் கீழே கிடப்பார். அல்லது அவர் சாலையிலேயே இல்லை, பள்ளத்தில் இருப்பார். 2024 ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்கள் போனது சேலத்தில் யாருக்கும் மறக்காது. இப்படிப்பட்ட இடத்தில் "எத்தனையாவது வளைவு, அடிவாரத்திலிருந்து வருவதா, மேலிருந்து இறங்குவதா" என்ற இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஓட்டுநருக்குப் போதும். வளைவுகளில் எண் எழுதிய பலகை உண்டு. சுற்றுலா வந்தவரும் அதைப் படித்துச் சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்து எந்த அவசரச் செயலியும் வளைவு எண்ணைக் கேட்பதில்லை.

108 வண்டி ஓட்டுநர்களைப் பைலட் என்பார்கள். மலை வண்டி ஓட்டிய ஒருவரிடம் பேசியபோது, அட்சரேகை தீர்க்கரேகை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். "நம்பரைப் பாத்து எங்கண்ணா போறது? யாருடைய எஸ்டேட்டுன்னு கேப்பேன், நாகலூர் ரூட்டா, வாழவந்தி ரூட்டா, கொட்டச்சேடு ரூட்டான்னு கேப்பேன். ரூட் தெரிஞ்சா பாதி தூரம் போயிடுவேன், மீதிக்கு மறுபடி போன் அடிப்பேன்" என்றார். அவர் சொன்னதில் மறுபடி போன் அடிப்பதுதான் முக்கியம். மலையில் இடம் ஒரே தடவையில் தெளிவாவதில்லை, பேசிப் பேசித்தான் தெளிவாகிறது. செயலிகளோ ஒரே தடவை ஒரு புள்ளியை அனுப்பிவிட்டு வாய் மூடிக்கொள்கின்றன.

இரண்டு சிம், ஒரு டவர்

மலைமேல் ஒரு நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இன்னொன்றின் சிக்னல் கிடைக்காது. அதனால் தோட்டத்தில் பலரும் இரண்டு சிம் வைத்திருக்கிறார்கள். ஒன்று டேட்டாவுக்கு, சேலம் போனால் பயன்படும். மற்றது பேசுவதற்கு, மேலே பயன்படும். செயலியில் பதிவு செய்வது கீழே நடந்த கூட்டத்தில், டேட்டா சிம்மில். ஆபத்து வருவது மேலே, பேசும் சிம் மட்டும் உயிரோடிருக்கும் இடத்தில். திருப்பி அழைப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை. இரண்டு எண்ணைப் பதிவு செய்ய ஒரு கட்டம் வைத்திருந்தால் அன்றைக்கு மனைவிக்கு அந்த அழைப்பு போயிருக்காது. சின்ன விஷயம், செய்யத் தோன்றவில்லை.

டவரே சாய்ந்துவிடும் நாட்களும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் மின்சாரம் போகும், டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு அதுவும் போகும். மற்ற நாட்களைவிட அவசரம் அதிகமாக இருக்கும் நாளில் செயலிக்கு ஊடகமே இல்லை. அப்போது உதவுவது பக்கத்துத் தோட்டத்து ஆளும் பஞ்சாயத்து அலுவலகமும்தான்.

112க்கு ஒரு தனித்தன்மை உண்டு, அதைப் பலர் அறிவதில்லை. உலகமெங்கும் கைபேசித் தரத்திலேயே அவசர எண்ணாக வகுக்கப்பட்டது அது. சொந்த நிறுவனத்தின் டவர் கிடைக்காவிட்டாலும், பக்கத்தில் இருக்கும் வேறு நிறுவனத்தின் டவர் வழியாக அழைப்பைக் கொண்டுபோகக் கைபேசி முயலும். 108 அப்படி நடத்தப்படுமா என்பது கைபேசிக்குக் கைபேசி மாறுகிறது. செயலிக்கு இந்தச் சலுகையே கிடையாது. அது இணையத்தையோ குறுஞ்செய்தியையோ நம்பியிருக்கிறது. சிக்னல் இல்லை என்று திரையில் காட்டும் இடத்திலும் 112ஐ ஒருமுறை அழைத்துப் பார்ப்பது நல்லது. இந்த ஒன்றை மட்டும் தோட்டத்தில் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம்.

பட்டன் போன் கதை தனி. 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் கைபேசிகளில் அவசரப் பொத்தான் வேண்டும் என்று விதி வந்தது. ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை மூன்று முறை விரைவாக அழுத்துவது, பட்டன் போனில் 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அழுத்துவது. அன்று 108ஐ அழைத்த அந்த அக்காவின் போனில் 5ஐ அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். ஓசூரில் வேலை பார்க்கும் அவர் மகனுக்குப் போனது. "அது நாந்தான் தம்பி போட்டு வெச்சேன், அவன் நம்பர் மட்டும்தான் அவசரம்" என்றார்.

பொத்தான் தப்பாக அழுந்துவது

எளிதாக்கினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிடவும் முடியாது. பிரிட்டனில் 2023 கோடையில், பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு என்ற வசதி ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பரவியபோது, பையிலும் கைப்பையிலும் தானாக அழுந்திய பேச்சில்லா அழைப்புகள் அங்குள்ள அவசர எண்ணான 999ஐ நிரப்பின. காவல்துறையே மக்களை வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஐபோனின் விபத்துக் கண்டறிதல் வசதி, பனிச்சறுக்கில் விழுந்தவர்களையும் ரோலர் கோஸ்டரில் குலுங்கியவர்களையும் விபத்து என்று எண்ணி அழைத்தது. பேசாத ஒவ்வோர் அழைப்பையும் ஒரு மனிதர் கேட்டுத்தான் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் உண்மையான அழைப்பு வரிசையில் நிற்கும். மலைப்பாதையில் குலுங்கும் பேருந்தில் கைபேசியை நெருக்கிப் பிடித்திருப்பவர்களை நினைத்தால் நமக்கும் அது தொலைவில் இல்லை.

செயலியே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. பேச முடியாத நிலை ஒன்று உண்டு. பேருந்தில் பக்கத்திலிருப்பவன் தொல்லை தரும்போது ஒரு பெண் வாய் திறந்து "போலீஸா?" என்று கேட்க முடியாது. காது கேளாதவர், பேச்சு வராதவர் 108க்கு அழைத்து என்ன செய்வார்? அவர்களுக்குச் செயலி பெரிய துணை. தமிழ்நாட்டில் 2018இல் வந்த காவலன் எஸ்ஓஎஸ்ஸும், 2022இல் வந்த காவல் உதவியும் இப்படிப்பட்ட தேவைகளுக்குத்தான் அதிகம் பொருந்துகின்றன. ஆனால் ஊரில் சிக்னல் உள்ள இடத்துக்கென்று யோசித்த ஒன்றை, மலையில் ஏணியிலிருந்து விழுந்தவருக்கும் அதுவே போதும் என்று விளம்பரம் செய்வதில்தான் சிக்கல். காவலுக்கு ஒன்று, 112க்கு ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று என்று மூன்று நான்கு செயலிகளைக் கைபேசியில் வைத்திருப்பவருக்கு, எதைத் திறப்பது என்று யோசிப்பதே ஒரு வேலை.

இடம் அழைப்போடு சேர்ந்து போனால்

இந்தச் சிக்கலுக்கு உலகில் ஒரு தீர்வு ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது, அது செயலியே அல்ல. பிரிட்டனில் 2014இல் தொடங்கியது. அவசர எண்ணைச் சாதாரணமாக அழைத்தால் போதும். அந்த நொடியில் கைபேசி தானாக ஜிபிஎஸ்ஸையும் வைஃபையையும் இயக்கி, இருப்பிடத்தைக் கண்டு, அது எத்தனை மீட்டர் துல்லியம், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதையும் சேர்த்து, ஒரு குறுஞ்செய்தியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். பயனர் எதையும் ஏற்ற வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம், அனுமதி தர வேண்டாம். பேசிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். கூகுள் 2016இல் ஆண்ட்ராய்டில் இதைச் சேர்த்தது, ஆப்பிள் 2018இல் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச்சிலிருந்து விற்கும் ஸ்மார்ட்போன்களில் இது கட்டாயம்.

இந்தியாவில் ஆண்ட்ராய்டு வழி இந்த வசதி 2025 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தின் 112 சேவையில் முதலில் தொடங்கியது. கைபேசிகளில் ஏற்கெனவே இருக்கும் திறமை இது. எதிர்முனையில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வதுதான் வேலை. நாகலூர் ஓடைக்கரை விவகாரத்தில் இது முழுமையாக உதவியிருக்கும் என்று சொல்ல மாட்டேன், மரத்தடியில் ஜிபிஎஸ் தடுமாற்றம் அப்படியேதான் இருக்கும். பட்டன் போனுக்கும் பயனில்லை. ஆனால் ஓடிபியும் அனுமதிப் பெட்டியும் செவ்வாய்ப்பேட்டையும் இருந்திருக்காது. குரலும் இடமும் ஒரே அழைப்பில் போயிருக்கும், பாக்கியைப் பேசித் தெளிவுபடுத்தியிருப்பார்கள்.

2025இல் அஞ்சல் துறை கொண்டுவந்த டிஜிபின் பற்றி நண்பர் கேட்டார். நாடு முழுவதையும் சுமார் நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து-எண் கொண்ட குறியீடு. கதவு எண் இல்லாத தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு நல்ல யோசனை. ஆனால் பதற்றத்தில் பத்து ஆங்கில எழுத்தையும் எண்ணையும் போனில் பிழையில்லாமல் ஒப்பிப்பது நம்மில் எத்தனை பேரால் முடியும்? எழுதி வைத்துப் படித்தால் முடியும்.

தோட்டத்தில் செய்தது

எழுதி வைத்தோம். தோட்டத்தை ஏற்கெனவே பறிப்புக்காகத் துண்டு துண்டாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஓடைக்காடு, பாறைக்காடு, பங்களாக்காடு என்று. ஒவ்வொன்றின் நுழைவிலும் ஒரு தகரப் பலகை. அதில் பெரிய எழுத்தில் பகுதியின் பெயர், எந்த ரூட், எந்த கேட், வண்டி எதுவரை வரும், அதன் கீழே சிறிய எழுத்தில் அட்சரேகை தீர்க்கரேகையும் டிஜிபின்னும். மேலே ஒரே வரி: "108 / 112இல் இதைப் படிக்கவும்." அட்சரேகையைப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். நான்காம் இலக்கம் ஏறக்குறைய பதினொரு மீட்டர். அதற்கு மேல் எழுதினால் படிக்கிறவருக்குத் திணறல்தான், கேட்கிறவருக்கு லாபமில்லை.

பாறையில் ஏறினால் எந்தச் சிம்மில் டவர் கிடைக்கும், பங்களாத் திண்ணையில் எது கிடைக்கும் என்பதும் எல்லோர் வாயிலும் இருந்த தகவல்தான். அதையும் பலகையில் எழுதினோம். மேஸ்திரிகளின் கைபேசியில் அனுமதி பறிபோகாமல் இருக்க அந்தச் சுவிட்சை மாற்றினோம், இருந்தும் சம்பள நாளன்று செயலியை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம். பதிவு செய்த எண்ணை மேலே சிக்னல் கிடைக்கும் சிம்முக்கு மாற்றியாயிற்று. சோதிக்கிறேன் என்று யாரும் சிவப்புப் பொத்தானை அழுத்தக்கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னோம். அது இன்னொருவருடைய வரிசை.

செயலியைச் செய்தவர்களுக்கு நண்பர் பெயரில் ஒரு கடிதம் எழுதினோம். கேட்டது நான்கே விஷயம்: பொத்தானுக்கு முன்னால் ஓடிபி வேண்டாம், இருப்பிடத்தோடு அதன் நேரத்தையும் காட்டுங்கள், இரண்டாவது எண்ணுக்கு இடம் கொடுங்கள், டேட்டா இல்லையென்று தெரிந்த உடனே சக்கரத்தைச் சுற்ற விடாமல் "112ஐ அழையுங்கள்" என்று தமிழில் பெரிதாகக் காட்டி டயலரைத் திறந்துவிடுங்கள். கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

பலகை வைத்ததில் ஒரு குறையைக் களை வெட்டும் அந்த அக்காவே கண்டுபிடித்தார். இப்போது மிளகு பறிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்த பையன்கள், அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "அவனுங்க விழுந்தா யாரு படிக்கறது?" என்று கேட்டார். நண்பர் பெயின்டருக்குச் சொல்லியிருக்கிறார். இந்தியில் என்ன எழுதுவது, அதை அவர்கள் போனில் படித்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஓடைக்காடு என்று விளங்குமா என்பதை அந்தப் பையன்களை வைத்தே பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.